கார்புரேட்டரில் கை வைக்கும் முன்

தோட்டப்புறத்து வீடுகளில் நிற்கும் பழைய கார்களை ஆடம்பரப் பொருள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பேருந்து வராத செம்மண் சாலையின் கோடியில் குடியிருக்கும் குடும்பத்துக்கு அந்தக் கார்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி. சந்தைக்குப் போகும் வழி. நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி கண்டால் மருத்துவமனைக்குப் போகும் வழியும் அதுவே. ஆகவே, அந்தக் கார் காலையில் கிளம்புமா, பாதி வழியில் நின்றுவிடுமா என்பது ஒரு குடும்பத்தின் கவலை. அந்தக் கவலையில் பெரும்பங்கு எஞ்சினின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு கருவியைப் பற்றியதாக இருக்கிறது. அதுதான் கார்புரேட்டர்.

இன்று விற்பனைக்கு வரும் புதிய கார்களில் கார்புரேட்டர் கிடையாது. கணினியின் கட்டளைப்படி பெட்ரோலைப் பீய்ச்சும் முறை அவற்றில் வந்துவிட்டது. ஆனால் 1970களின் ஜப்பானியக் கார்களிலும், 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவிலும், 1994-இல் வெளிவந்த முதல் கன்சிலிலும் இருந்தது கார்புரேட்டர்தான். இன்றைய உரைக்கு எடுத்துக்காட்டாக, நம் நாட்டுச் சாலைகளில் ஒரு காலத்தில் திரும்பிய பக்கமெல்லாம் ஓடிய டாட்சன் 120வை காரை எடுத்துக்கொள்வோம். 1,171 சி.சி. கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். மேலே இரட்டைத் தொண்டை ஹிட்டாச்சி கார்புரேட்டர். அமைப்பு எளிமையானது, மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இதைப் புரிந்துகொண்டவருக்கு மற்றப் பழைய கார்களும் எளிதில் விளங்கும்.

முதலில் இந்தக் கருவி செய்யும் வேலை என்ன என்று பார்ப்போம்.

பெட்ரோல் தனியாக எரிந்து எஞ்சினை ஓட்டுவதில்லை. காற்றோடு சரியான அளவில் கலந்து, ஆவிபோல் நுண்துளிகளாக உள்ளே போனால்தான் பிளக்கின் பொறியில் அது பற்றும். 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். இதை நம் கண்ணுக்குத் தெரிகிற கணக்கில் சொல்வதானால், 1 லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவை. தோட்டத்து ஸ்டோரில் நிற்கும் 200 லிட்டர் பீப்பாய்களில் 45 பீப்பாய் நிறையக் காற்று! இத்தனைக் காற்றோடு அத்தனைச் சிறிதளவு பெட்ரோலை அளந்து கலப்பதுதான் கார்புரேட்டரின் தொழில்.

அது எப்படிக் கலக்கிறது? கொசு மருந்து அடிக்கும் பழைய கைப்பம்பை நினைத்துப் பாருங்கள். கைப்பிடியைத் தள்ளும்போது காற்று வேகமாகச் சீறுகிறது. மருந்து டப்பாவிலிருந்து மேலே வரும் சிறு குழாயின் வாய்க்கு எதிரே அந்தக் காற்று பாயும்போது, மருந்து தானாக மேலே இழுக்கப்பட்டுப் புகைபோல் சிதறுகிறது. கார்புரேட்டரும் இப்படித்தான். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. கார்புரேட்டரின் தொண்டை நடுவில் குறுகியிருப்பதால் காற்று அங்கே வேகம் கொள்கிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தம் பெட்ரோலை மேலே இழுக்கிறது. குறுகிய குழாயில் நிகழும் இந்த விந்தையை 1797-இல் விளக்கியவர் வெஞ்சூரி என்ற இத்தாலிய அறிஞர். அந்தக் குறுகிய தொண்டைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

தொண்டைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து தண்ணீரை நிறுத்துவதுபோல, இங்கேயும் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் ஏறினால் மிதவையும் ஏறி ஓர் ஊசியை மேலே தள்ளி வழியை அடைக்கும். பெட்ரோல் குறைந்தால் ஊசி இறங்கி வழி விடும். கிண்ணத்திலிருந்து பெட்ரோலை அளந்து விடுபவை பித்தளையில் நுண்துளையிட்ட ஜெட்டுகள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தருவது சோக். மிதியை அழுத்தினால் திறந்து, எஞ்சினுக்குள் போகும் கலவையின் அளவைக் கூட்டுவது அடியில் உள்ள தகடு. மிதவை, ஊசி, ஜெட், சோக், தகடு என்ற இந்த ஐந்தையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு சொல்வது எளிதில் புரியும்.

நேயர்களே, இனிதான் இன்றைய உரையின் முக்கியமான செய்தி. கார் இருமினால் கார்புரேட்டர், திணறினால் கார்புரேட்டர், பெட்ரோல் அதிகம் குடித்தால் கார்புரேட்டர். இப்படி எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுவிட்டு, திருப்புளியை எடுத்துக் கண்ணில் பட்ட திருகையெல்லாம் திருகுகிறவர்கள் பலர். பிறகு எந்தத் திருகு எங்கே இருந்தது என்பதும் தெரியாது. முதலில் இருந்த கோளாறு போகாது. புதிதாக இரண்டு சேர்ந்துகொள்ளும். முடிவில், தேவையில்லாத கார்புரேட்டர் ஒன்றை வாங்கப் பல நாள் சம்பளம் கரையும். கார்புரேட்டர் கெட்டதுபோல் காட்டும் கோளாறுகள் பலவும் வேறு இடத்தில் பிறப்பவை. ஆகவே காற்று, பொறி, பெட்ரோல் வரத்து ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே கார்புரேட்டருக்கு வரவேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஆனால் அந்த வரிசையைத் தொடங்கும் முன் பாதுகாப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். இதைக் கேட்காமல் மற்றதைக் கேட்பதில் பயனில்லை.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போய்விடாது. தரையோடு தவழ்ந்து, சாக்கடை வழியாக ஓடி, சற்றுத் தள்ளி எரியும் அடுப்பையோ சாமி விளக்கையோ தேடிப்போய்ப் பற்றிக்கொள்ளும். ஆகவே பெட்ரோல் குழாயைக் கழற்றும் வேலையைச் சமையற்கட்டுப் பக்கம் செய்யாதீர்கள். சிகரெட் கூடாது. பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றிவிடுங்கள். ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வையுங்கள். எரியும் பெட்ரோல்மேல் தண்ணீர் ஊற்றினால் நெருப்பு பரவுமே தவிர அணையாது.

கதவடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்த பிறகே தெரியும்; சில வேளைகளில் தெரியாமலே உயிரைப் பறித்துவிடும். பெட்ரோல் மிகுந்த கலவை எரியும்போது இந்த வாயு இன்னும் அதிகமாகும். நாம் பார்க்கப்போகும் காரோ கலவை கெட்ட கார். ஆகவே திறந்த வெளியிலேயே வேலை செய்யுங்கள்.

ஓடும் எஞ்சினில் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். தொங்கும் சட்டைக் கை, துண்டு, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் அதன் பக்கம் போகக்கூடாது. பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கழுவ எடுத்த பெட்ரோலைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்குப் புட்டிதான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. தப்பித் தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. வாந்தியோடு பெட்ரோல் நுரையீரலில் இறங்கிவிடும். அதுதான் பெரிய ஆபத்து. உடனே 999-ஐ அழையுங்கள். அல்லது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சரி, இப்போது வரிசைக்கு வருவோம். முதலாவது, காற்று.

கார்புரேட்டரின் தலைமேல் வட்டத் தகரப் பெட்டி ஒன்று இருக்கும். நடுவில் உள்ள நட்டைக் கையாலேயே கழற்றலாம். உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகித வடிகட்டி இருக்கும். செம்மண் சாலையில் ஓடும் காருக்கு இது வெகு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். காற்று குறைந்தால் கலவையில் பெட்ரோல் மிகும், கரும்புகை வரும், செலவு கூடும். வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால், தரையில் மெல்லத் தட்டி, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் காற்றடித்துத் திரும்பப் போடலாம். தெரியாவிட்டால் புதிது வாங்குங்கள். தண்ணீரிலோ பெட்ரோலிலோ அதைக் கழுவக்கூடாது. சில வெள்ளி விலையுள்ள இந்தக் காகிதத்தைக் கவனியாமல், விலை மிகுந்த கார்புரேட்டரைக் குறை சொல்லுவது நியாயமா?

காற்றில் இன்னொன்று உண்டு: வரக்கூடாத காற்று. கார்புரேட்டரின் அடியிலுள்ள அட்டை வெடித்திருந்தாலும், நட்டுகள் தளர்ந்திருந்தாலும், பக்கத்து ரப்பர் குழாய்கள் பிளந்திருந்தாலும், அந்த வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே புகும். கலவை மெலிந்து எஞ்சின் நடுங்கும். மிதியிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு முழ நீள ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்பு இணைப்பாகக் கொண்டு போங்கள். கசியும் இடத்தில் உஸ்ஸென்ற சத்தம் தெளிவாகக் கேட்கும். சிலர் அந்த இடத்தில் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சின்மேல் அதைச் செய்வது தீயோடு விளையாடுவதாகும்.

இரண்டாவது, பொறி.

நான்கு பிளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருடையது என்று வரிசையாக வையுங்கள். அவற்றின் முனை உங்களுக்குக் கதை சொல்லும். வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி. ஈயம் கலக்காத இன்றைய பெட்ரோலில் இன்னும் கொஞ்சம் வெளிறியும் தெரியலாம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் கோளாறு கார்புரேட்டரில் இல்லை. எஞ்சின் தேய்ந்து எண்ணெய் மேலேறுகிறது. சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் கலவை மெலிந்து எஞ்சின் மிகச் சூடாகிறது. நான்கில் ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்த ஒரு பிளக்கையோ அதன் கம்பியையோ பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் ஒரே கார்புரேட்டர் பெட்ரோல் தரும்போது, அது ஒருவருக்கு மட்டும் வஞ்சனை செய்வது அரிது.

120வை காரில் பிளக்கின் இடைவெளி 0.8 முதல் 0.9 மில்லிமீட்டர். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டின் இடைவெளி 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர். இவற்றை அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டை இரும்புச் சாமான் கடையிலோ கார் சாமான் கடையிலோ வாங்கலாம். வீட்டில் இருக்கவேண்டிய கருவி அது. பாயிண்டின் முகம் கருகிப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிளக் கம்பிகளைத் திரும்ப மாட்டும்போது பொறி வரும் வரிசை 1, 3, 4, 2 என்பதை மறக்காதீர்கள். வால்வுகளின் இடைவெளியும் சூடான எஞ்சினில் 0.35 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். இவை சரியாக இல்லாதவரை கார்புரேட்டரை எப்படித் திருகினாலும் எஞ்சின் சீராக ஓடாது.

மூன்றாவது, பெட்ரோல் வரத்து.

கார் முதலில் நன்றாக ஓடி, சில மைல் போனதும் இளைத்து நின்று, சற்று நேரம் கழித்துத் தானாகக் கிளம்புகிறதா? நின்றவுடன் பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் டாங்கிக்குக் காற்று வரும் துளை அடைந்திருக்கிறது. பெட்ரோல் வெளியேறிய இடத்தைக் காற்று நிரப்பாவிட்டால் பம்பு இழுக்க முடியாமல் தவிக்கும். அடுத்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் வடிகட்டியைப் பாருங்கள். அடியில் துருவும் அழுக்கும் தெரிந்தால் மாற்றுங்கள். அதன்மேல் உள்ள அம்புக்குறி கார்புரேட்டரை நோக்கி இருக்கவேண்டும். ரப்பர் குழாய்களை விரலால் மடக்கிப் பாருங்கள்; வெடிப்பு தெரிந்தால் தாமதிக்காமல் மாற்றுங்கள். அந்த வெடிப்பில் கசியும் பெட்ரோல் சூடான புகைக்குழாய்மேல் விழுந்தால் காரே எரிந்துபோகும்.

இந்த மூன்றும் சரி என்றால்தான் கார்புரேட்டருக்கு வருகிறோம். இங்கேயும் திருப்புளியை எடுக்க வேண்டாம். முதலில் கண்ணுக்கு வேலை கொடுப்போம்.

120வை காரின் கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடி பதித்திருக்கிறது. அதில் ஓர் அடையாளம் உண்டு. அழுக்கைத் துடைத்துவிட்டு, காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை மெல்ல ஓடவிட்டுப் பாருங்கள். பெட்ரோல் அந்த அடையாளத்தோடு ஒட்டி நின்றால் மிதவையும் ஊசியும் நலம். அடையாளத்துக்குக் கீழே இருந்தால் பெட்ரோல் போதிய அளவில் வரவில்லை. வடிகட்டியையும் பம்பையும் பாருங்கள். மேலே ஏறி நின்றால் ஊசி வழியைச் சரியாக மூடவில்லை. ஊசியின் இருப்பிடத்தில் ஒரு தூசி மாட்டியிருக்கலாம். திருப்புளியின் பிடியால் கிண்ணத்தை மெல்லத் தட்டினால் சில வேளை அது விலகிவிடும். விலகாவிட்டால் ஊசி தேய்ந்திருக்கிறது, அல்லது மிதவைக்குள் பெட்ரோல் புகுந்திருக்கிறது. மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே சலசலப்பதைக் கொண்டு அதை அறியலாம். அந்தச் சிறு கண்ணாடி பட்டறையில் பாதி நாள் வேலையை மிச்சப்படுத்தும். ஆனால் அதை ஒருமுறையேனும் துடைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

இனி, அறிகுறியைக் கொண்டு கோளாறை அறியும் வழியைச் சொல்கிறேன்.

கரும்புகை, பெட்ரோல் வாடை, கறுத்த பிளக்குகள் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி. சோக் கைப்பிடியை உள்ளே தள்ளிய பிறகும் சோக் தகடு பாதி மூடியபடியே இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி இறுகிப்போனால் அப்படி நிற்கும். கம்பிக்கு எண்ணெய் விட்டாலே சரியாகிவிடும். பெட்ரோல் வாடையை வண்டி ஓட்டுபவரைவிடப் பின்னால் அமர்ந்து வரும் மனைவி மக்கள் முதலில் உணர்வதுண்டு. அவர்கள் சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள்.

மிதியை அழுத்தியவுடன் எஞ்சின் ஒரு கணம் திக்கித் திணறி, பிறகு எழும்புகிறதா? வேகம் கூட்டும்போது ஒரு மிடறு பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சுவதற்கு ஒரு சிறு பம்பு உள்ளே இருக்கிறது. அதைச் சோதிப்பது சுலபம். எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்று வடிகட்டியைக் கழற்றி, தொண்டைக்குள் பார்த்தபடி மிதியின் கம்பியைக் கையால் இழுங்கள். நூல்போல் ஒரு தாரை உடனே பீய்ச்ச வேண்டும். வராவிட்டாலும் சொட்டினாலும் அந்தப் பம்பின் தோலோ வழியோ கெட்டிருக்கிறது.

ஓட்டத்தில் சரி, காலை எடுத்தால் அணைந்துவிடுகிறது என்றால் மெதுவோட்டத்துக்குப் பெட்ரோல் தரும் சிறு ஜெட் அடைந்திருக்கலாம். சில வண்டிகளில் அந்த வழியை மின்சாரத்தால் திறக்கும் ஒரு வால்வு உண்டு. கார்புரேட்டரின் பக்கத்தில் ஒற்றைக் கம்பியோடு அது இருக்கும். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் டிக்கென்ற சத்தம் வரவேண்டும். அந்தக் கம்பி கழன்று தொங்கியதற்காகக் கார்புரேட்டரையே மாற்றுவது எத்தனை பெரிய வீண் செலவு!

மெதுவோட்டத்தில் சரி, மேட்டில் ஏறும்போது இழுவை இல்லை என்றால் பெரும்பாலும் வரத்துக் குறைவு, அல்லது பெரிய ஜெட்டில் அழுக்கு. ஜெட்டைக் கழற்றினால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஊசியோ கம்பியோ கொண்டு அதைக் குத்தக்கூடாது. பித்தளை மென்மையானது. 1 மில்லிமீட்டர் துளை 1.1 மில்லிமீட்டராக விரிந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு நூற்றுக்கு 21 பங்கு கூடிவிடும். அன்றுமுதல் அந்தக் கார் மைலுக்கு மைல் உங்கள் சட்டைப் பையிலிருந்து பெட்ரோல் குடிக்கும். கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

சூடான எஞ்சினை வெயிலில் நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் கழித்துக் கிளப்பினால் அடம் பிடிக்கிறதா? கிண்ணத்துப் பெட்ரோல் சூட்டில் பொங்கித் தொண்டைக்குள் வழிந்திருக்கும். அப்போது சோக்கை இழுக்காதீர்கள். மிதியை மறுபடி மறுபடி உதைக்காதீர்கள். மெல்ல அடிவரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிகுதிப் பெட்ரோல் காற்றோடு வெளியேறி எஞ்சின் கிளம்பிவிடும்.

எல்லாம் பார்த்தாயிற்று, கடைசியில் மெதுவோட்டத்தைச் சரிசெய்யும் முறை. இதற்குத்தான் திருப்புளி வேண்டும். கார்புரேட்டரில் நமக்குரிய திருகுகள் இரண்டே. ஒன்று அடித்தகட்டைத் தாங்கி நிற்கும் வேகத் திருகு. மற்றொன்று கார்புரேட்டரின் அடிப்பாகத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் கலவைத் திருகு. மற்ற எதையும் தொட வேண்டாம்.

காரைப் பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். சோக் முழுவதும் திறந்திருக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, கலவைத் திருகை உள்ளே திருகிக்கொண்டே எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அது அடியைத் தொட்டதும் நின்றுவிடுங்கள். அழுத்தி முறுக்கினால் ஊசிமுனையில் வடு விழும். பிறகு அது எந்நாளும் சரியாக அமையாது. எண்ணிய சுற்றைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, அதே அளவு வெளியே திருப்புங்கள். நாம் செய்வது பலிக்காவிட்டால் திரும்பிப் போக அந்த எண் ஒரு வழி.

எஞ்சினைக் கிளப்புங்கள். கலவைத் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாக வெளியே திருப்பி, ஒவ்வொரு தடவையும் சில விநாடி காது கொடுங்கள். எஞ்சின் வேகம் ஏறி, ஓரிடத்தில் உச்சமாகி, பிறகு தடுமாறத் தொடங்கும். அந்த உச்ச இடத்துக்குத் திரும்பி வாருங்கள். இப்போது ஓட்டம் வேகமாக இருக்கும். வேகத் திருகைத் தளர்த்தி, நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். சுற்றைக் காட்டும் மீட்டர் இல்லாவிட்டால், கார் நடுங்காமலும் சார்ஜ் விளக்கு மினுக்காமலும் ஓடும் மிகக் குறைந்த வேகமே நமக்கு அளவு. இதை இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். முடிவில் கலவைத் திருகை உள்பக்கம் ஒரு மிகச் சிறு அளவு திருப்பி, வேகம் இறங்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு திருகு மட்டுமே, அதுவும் சிறிதளவே.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். கலவைத் திருகை நன்றாக உள்ளே இறுக்கிவிட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தத் திருகு நின்ற இடத்தில் ஓடும் மெதுவோட்டத்துக்கு உரியது. சாலையில் ஓடும்போது பெட்ரோலை அளப்பவை உள்ளே இருக்கும் பெரிய ஜெட்டுகள். அவற்றுக்கும் இந்தத் திருகுக்கும் தொடர்பில்லை. ஆகவே, இறுக்குவதால் பெட்ரோல் மிஞ்சாது. சந்திக்குச் சந்தி கார் அணைவதுதான் மிஞ்சும். உண்மையில் மிச்சம் வேண்டுமானால் சக்கரக் காற்றையும் காற்று வடிகட்டியையும் பாருங்கள். மிதியில் காலை மென்மையாக வையுங்கள்.

கார் தேறியதா என்பதை வாய்ச்சொல்லால் முடிவு செய்யாமல் கணக்கால் முடிவு செய்யுங்கள். டாங்கியை நிறைய நிரப்பி, மீட்டரின் எண்ணைக் குறித்து வையுங்கள். மறுமுறை நிரப்பும்போது, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். 360 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 12 கிலோமீட்டர். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து இதை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு பழகும்; அந்த எண் குறையத் தொடங்கினால் கோளாறு முற்றுவதற்கு முன்பே வீட்டுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் நாமே செய்துவிட முடியாது. பெட்ரோல் வெளியே வழிந்தாலும், அடித்தகட்டின் தண்டு தேய்ந்து ஆடினாலும், கார்புரேட்டரை முழுவதும் பிரிக்க வேண்டியிருந்தாலும் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். “கார் சரியில்லை” என்று மட்டும் சொன்னால், கேட்பவர் எங்கிருந்தும் தொடங்கலாம், எதையும் மாற்றலாம். “வடிகட்டி புதிது, பிளக் நான்கும் கறுத்திருக்கின்றன, கண்ணாடியில் பெட்ரோல் அடையாளத்துக்கு மேலே நிற்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். நல்ல தொழிலாளி ஊசி வால்வையும் அட்டைகளையும் மாற்றி முடித்துவிடுவார். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் தயங்காதீர்கள். அது உங்கள் உரிமை.

நேயர்களே, நம் பெற்றோர்கள் ஒரு கீறலை மரத்தில் எந்த ஆழத்தில் போடவேண்டும் என்று அறிந்திருந்தார்கள். ஆழம் குறைந்தால் பால் வராது. மிகுந்தால் மரம் புண்படும். அந்த நிதானம் நம் கைகளில் ஊறியது. கார்புரேட்டர் கேட்பதும் அதே நிதானம்தான். காற்று, பொறி, பெட்ரோல் வரத்து, பிறகே கார்புரேட்டர். கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, காகிதத்தில் எழுதி, கடைசியாகத் திருப்புளி. இந்த வரிசையை வீட்டில் ஒருவர் மட்டுமல்ல, மகனும் மகளும் அறிந்திருக்கட்டும். அவசர இரவில் சாவியைத் திருப்பும்போது, அந்தப் பழைய கார் முதல் தடவையிலேயே கிளம்பட்டும்.